ஒளியால் வரைந்த ஆட்டக்கட்டம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறியுள்ள நம் தமிழ் மக்கள், ஊரை விட்டுப் புறப்படும்போது எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல இயலாது. அம்மியும் உரலும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்; தோட்டமும் கிணறும் நினைவில் மட்டும் வரும். ஆனால் எடையே இல்லாத சில செல்வங்கள் அழைக்காமலே கூட வந்துவிடுகின்றன. தாலாட்டு அப்படி வந்தது. விடுகதை அப்படி வந்தது. திண்ணையில் ஆடிய ஆட்டங்களும் அப்படியே வந்தன. ஒரு கரித்துண்டும் சில கூழாங்கற்களும் இருந்தால் போதும், எந்த ஊர்த் தரையும் நம் ஊர்த் திண்ணையாகிவிடும்.

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரிக்குச் சென்றிருந்தபோது இதனை நாம் கண்ணாரக் கண்டோம். மட்டாஞ்சேரி பல குலத்தாரும் பல மொழியாரும் கூடிவாழும் பழைய துறைமுகக் கடைவீதி. போர்த்துகீசியர் 1555-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டி, கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனை அங்கே இருக்கிறது. 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும் அருகிலேயே இருக்கிறது. கொங்கணியரும் குஜராத்தியரும் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அடுத்துள்ள கொச்சிக் கோட்டைப் பகுதியின் தோபிக்கானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்திலேயே வந்தவர்கள் என்பர். மிளகும் சுக்கும் மலைபோல் குவிந்திருந்த பழைய கிடங்குகள் பல இன்று பழம்பொருட் கடைகளாக மாறிவிட்டன. ஆயினும் காற்றில் மிளகின் மணம் இன்னும் முற்றிலும் அகலவில்லை.

அத்தகைய கிடங்கு ஒன்றின் முன்புறத் திண்ணையில், ஒரு பிற்பகல் வேளையில், முதியவர் ஒருவர் தம் பேரனுடன் ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். தரையில் கரிக்கோடு, புலிக்கு மூன்று புளியங்கொட்டை, ஆட்டுக்குப் பதினைந்து சிறு கற்கள். பேரன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் பாதியும் மலையாளத்தில் பாதியுமாகக் கேட்டான்:

"தாத்தா, இந்தக் கோட்டை முதன்முதல்ல யார் போட்டாங்க?"

"எங்க தாத்தா எனக்குப் போட்டுக் காட்டினார். அவருக்கு அவங்க தாத்தா."

"அப்போ என் போன்ல ஒரு கட்டம் இருக்கே, அதை யார் போட்டாங்க?"

முதியவர் நம்மைப் பார்த்தார். "ஐயா படிச்சவங்க. அவங்களைக் கேளு" என்றார். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அந்தச் சிறுவனுக்குக் கூற வேண்டியிருந்த விடையே இக்கட்டுரை.

ஆடுபுலி ஆட்டத்தின் இருபத்து மூன்று புள்ளிகளை முதன்முதல் அமைத்தவர் யார் என்பதை எவரும் அறியார். பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் அதே நிலைதான். மக்கள் கை பட்டுப் பட்டு வழவழப்பான படிக்கல்லைப் போன்றவை அவை. செதுக்கிய உளியின் தடம் தேய்ந்துவிட்டது. ஆனால் கணிப்பொறி என்பது நேற்றுப் பிறந்த குழந்தை. அதில் ஏறிய முதல் கட்ட ஆட்டங்களுள் ஒன்றை இயற்றியவர் பெயரை நாம் அறிவோம். அவர் பட்ட பாட்டை அறிவோம். அந்த ஆட்டத்துக்குள் அவர் ஒளித்துவைத்த குறும்புகளையும் அறிவோம். அவர் பெயர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. ஆட்டத்தின் பெயர் டிராஃப்ட்ஸ்.

டிராஃப்ட்ஸ் ஆட்டத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். சதுரங்கப் பலகையின் அறுபத்து நான்கு கட்டங்களில் கறுப்புக் கட்டங்கள் முப்பத்திரண்டில் மட்டும் காய்கள் நகரும். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு காய்கள். காய்கள் மூலைவாட்டில் முன்னோக்கிச் செல்லும். எதிரியின் காயைத் தாண்டிக் குதித்தால் அது வெட்டுப்படும். நம் ஆடுபுலியில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டுவதும் இவ்வாறே அன்றோ? எதிர்க்கரையை எட்டிய காய் அரசனாகி, பின்னோக்கி நகரும் உரிமையையும் பெறும்.

ஸ்ட்ரேச்சி 1916-இல் இங்கிலாந்தில் பிறந்தார். அவர் குடும்பத்துக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பாட்டனார் சர் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி, பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் பொதுப்பணித் துறையிலும் பின்னர் இரயில்வேத் துறையிலும் உயர்பதவி வகித்தவர். தந்தையார் ஆலிவர் ஸ்ட்ரேச்சியும் இளமையில் கிழக்கிந்திய இரயில்வேயில் பணியாற்றியவர். பின்னர் இரு உலகப் போர்களிலும் பகைவரின் மறைமொழிச் செய்திகளை உடைத்துப் படிக்கும் வேலையில் பெயர் பெற்றார். மறைந்திருப்பதைத் தேடும் ஆசை மகனுக்குப் பிதுரார்ஜிதமாகவே வந்தது போலும்.

எனினும் மகன் பெரும்புகழோடு கல்லூரியை விட்டு வெளிவந்தவர் அல்லர். கேம்பிரிட்ஜில் படித்துச் சுமாரான வகுப்பிலேயே தேறினார். படிக்கும்போதே மனம் தளர்ந்து நோயுற்றதும் உண்டு. போர்க்காலத்தில் ஒரு தொலைபேசிக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உழைத்தார். போருக்குப் பின் பள்ளிக்கூட ஆசிரியரானார். 1949 முதல் ஹாரோ என்னும் ஊரில் உள்ள பெயர்பெற்ற பள்ளியில் பாடம் நடத்தினார். கணிப்பொறியின் முதல் ஆட்டங்களுள் ஒன்றை இயற்றிய காலத்தில் அவர் இத்தகைய பள்ளி ஆசிரியராகவே இருந்தார் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பகலில் வகுப்பு, மாலையில் மாணவர் கட்டுரைத் தாள்கள், விடுமுறையிலும் இரவிலும் கணிப்பொறி.

1950-இல் டொனால்டு டேவிஸ் என்னும் அறிஞர் சதுரங்கத்தைப் பொறி ஆடுவது பற்றி ஒரு விஞ்ஞான இதழில் எழுதியிருந்த கட்டுரை ஸ்ட்ரேச்சியின் கண்ணில் பட்டது. அதுவே வித்து. சதுரங்கத்தை விட எளியதான டிராஃப்ட்ஸை ஒரு பொறிக்கு ஏன் கற்பிக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். 1951 தொடக்கத்தில் லண்டனை அடுத்த டெடிங்டனில் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச்சாலையில் இருந்த 'பைலட் ஏஸ்' என்னும் கணிப்பொறியை நண்பர் ஒருவர் மூலம் காணும் வாய்ப்புக் கிட்டியது. அதற்கென ஆட்டத்தின் கட்டளைகளை எழுதினார். அவ்வாண்டு ஜூலை மாதக் கடைசியில் அதனை ஓட்டிப் பார்த்தார். ஆட்டம் ஓடவில்லை. கட்டளைகளில் பிழைகள் மலிந்திருந்தன. பொறியின் நினைவிடமும் போதவில்லை. பின்னர் பொறியின் அமைப்பையே மாற்றிவிட்டதால், அவர் எழுதியது அப்படியே பயனற்றுப் போயிற்று. மற்றொருவர் ஆயின் இத்தோடு கைவிட்டிருப்பார்.

இதற்கிடையே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'ஃபெராண்டி மார்க் 1' என்னும் பெரிய கணிப்பொறி 1951 பிப்ரவரியில் வந்திறங்கியிருந்தது. அதன் கட்டளைக் கையேட்டை எழுதியவர் ஆலன் டூரிங் என்னும் கணித மேதை. ஸ்ட்ரேச்சி டூரிங்குக்குக் கடிதம் எழுதிக் கையேட்டைப் பெற்றார். அதனைப் படிப்பது எளிதன்று. அப்பொறியில் எண்களும் கட்டளைகளும் டெலிபிரிண்டரின் முப்பத்திரண்டு குறிகளால் எழுதப்பட்டன. சுழியத்தைக் குறிக்கச் சாய்கோடு ஒன்று வரும். வெற்றிடமெல்லாம் சுழியமாதலால், கட்டளைத் தாள்களில் சாய்கோடுகள் மழைச்சாரலைப் போலப் பெய்திருக்கும். அந்தச் சாரலுக்கு ஊடே எழுத்துப் பிழை ஒன்றைத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதை ஒத்தது.

டூரிங் அவருக்கு ஒரு பயிற்சி சொன்னார். தன்னுடைய வேலையைத் தானே ஒத்துப்பார்த்துக் காட்டுமாறு பொறிக்கு ஒரு கட்டளைத் தொடர் எழுதும்படி கூறினார். ஸ்ட்ரேச்சி ஆயிரம் கட்டளைகளுக்கு மேல் கொண்ட தொடர் ஒன்றை எழுதிக்கொண்டு மான்செஸ்டருக்குச் சென்றார். அதுவரை அப்பொறியில் யாரும் அவ்வளவு நீண்டது எழுதியதில்லை. டூரிங் பொறியை இயக்கும் முறையை விரைவாக விளக்கிவிட்டு, அவரை அங்கே விட்டு அகன்றார். இரவு முழுவதும் ஆசிரியர் தனியே பொறியோடு இருந்தார். காலையில் தொடர் பிழையின்றி ஓடியது. அது மட்டுமன்று, வேலை முடிந்ததும் பொறி தன் ஒலிபெருக்கி வழியே பிரிட்டனின் தேசிய கீதத்தை முழங்கியது! யாரும் கேட்காத இந்தக் கொசுறு, ஸ்ட்ரேச்சி எழுதிவைத்த ஒரு விளையாட்டு. பொறியின் ஒலிபெருக்கிக்கு ஒரு கட்டளை கொடுத்தால் அது ஒரு 'டிக்' ஒலி எழுப்பும். அதனையே மிக விரைவாக அடுக்கி அடுக்கிக் கொடுத்தால் ஒரு சுரம் பிறக்கும். வேலை முடிந்ததைத் தெரிவிக்க வைத்த மணியைக் கொண்டு ஆசிரியர் சங்கீதம் பாடச் செய்தார். டூரிங் அகமகிழ்ந்து பாராட்டினார் என்பது வரலாறு.

இதே கணிப்பொறியில் 1951 நவம்பரில் டீட்ரிக் பிரின்ஸ் என்பவர் சதுரங்கப் புதிர்களை விடுவிக்கும் கட்டளைத் தொடர் ஒன்றை ஓட்டியிருந்தார். ஆனால் இரண்டே நகர்வில் முடியும் புதிர்களுக்கு மட்டுமே அது விடை சொல்லும். முழு ஆட்டம் ஆடாது. டூரிங் தாமே சதுரங்கம் ஆடும் விதிகளை வகுத்திருந்தார். ஆனால் அவற்றைப் பொறியில் ஏற்றும் நாள் வருமுன், 1952-இல், தாமே பொறியாகி ஒவ்வொரு நகர்வையும் தாளில் கணக்கிட்டு நண்பர் ஒருவரோடு ஆடினார். ஒரு நகர்வுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஆட்டத்தில் தோற்றும் போனார். அவ்வாண்டு கோடைக்காலத்தில்தான் ஸ்ட்ரேச்சியின் டிராஃப்ட்ஸ் தொடக்கம் முதல் முடிவு வரை, பொறுத்துக்கொள்ளத்தக்க வேகத்தில், ஒரு முழு ஆட்டத்தை ஆடிக்காட்டியது.

இனி, அந்த ஆட்டத்துள் மறைந்திருந்த இரகசியங்களைக் காண்போம்.

முதலாவது, கட்டம் எங்கே இருந்தது என்பது. இன்று நாம் பார்க்கும் திரைகள் வேறு, நினைவிடம் வேறு. அன்றைய பொறியில் நினைவிடமே படக்குழல்தான். வில்லியம்ஸ் குழல் என்று அதற்குப் பெயர். கண்ணாடியின் உட்புறத்தில் மின்னேற்றத்தால் புள்ளிகள் இடப்படும்; புள்ளியின் தோற்றத்தைக் கொண்டு ஒன்றா சுழியமா என்று பொறி உணரும். உள்ளே நினைவில் இருப்பதைக் காவலாளிபோல நின்று காட்டும் மற்றொரு குழல் மேசைமேல் இருந்தது. ஸ்ட்ரேச்சி நினைவிடத்தில் புள்ளிகளைத் தக்கவாறு அடுக்கி, அந்தக் காவற்குழலில் ஆட்டப் பலகையே தோன்றுமாறு செய்தார். ஆதலால் ஆடுபவர் கண்ட பலகை வெறும் படம் அன்று. பொறியின் நினைவே கண்ணுக்குத் தெரிந்த கோலம் அது.

கோலம் என்று கூறியது அணிக்காக அன்று. அந்த மின்னேற்றப் புள்ளிகள் நிலைப்பவை அல்ல. ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் அவை கரைந்துவிடும். எனவே பொறி ஓயாமல் ஒவ்வொரு புள்ளியையும் படித்து, அழியுமுன் அதே இடத்தில் மறுபடி இட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் நம் பெண்மணிகள் வைகறையில் இடும் மாக்கோலம் மாலைக்குள் மிதிபட்டு, எறும்புக்கு இரையாகி மறைகிறது. மறுநாள் மீண்டும் மலர்கிறது. மான்செஸ்டர் பொறி அதே காரியத்தை ஒரு நொடியில் பலமுறை செய்தது. மறவாமை என்பது மீண்டும் மீண்டும் இட்டுக்கொண்டிருத்தலே என்னும் உண்மையை அந்தக் கண்ணாடிக் குழல் கூறாமல் கூறியது.

இரண்டாவது இரகசியம், பொறி பலகையை எவ்வாறு 'அறிந்தது' என்பது. அதற்குக் கறுப்பு வெள்ளை தெரியாது, எண்களே தெரியும். ஸ்ட்ரேச்சி முப்பத்திரண்டு இலக்கம் கொண்ட மூன்று வரிசைகளை எடுத்துக்கொண்டார். ஒரு வரிசை கறுப்புக் காய்கள் எக்கட்டங்களில் உள்ளன என்று சொல்லும். இரண்டாவது வெள்ளைக் காய்கள் எங்கே என்று சொல்லும். மூன்றாவது அவற்றுள் அரசர் எவர் என்று சொல்லும். காய் நகர்வது என்றால் வரிசையைச் சில இடங்கள் தள்ளிவைப்பது என்று பொருள். இவ்வளவு சிக்கனமாகப் பலகை முழுவதையும் மூன்று எண்களில் அடக்கியதனால்தான் அந்தச் சிறிய நினைவிடத்தில் ஆட்டம் ஓடியது.

முப்பத்திரண்டு என்னும் எண் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு அருகே தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகர், திருவரங்கப் பெருமானின் பாதுகையைப் போற்றி வடமொழியில் இயற்றிய 'பாதுகா ஸகஸ்ரம்' என்னும் நூலில், இதே எண்ணில் ஓர் ஆட்டக்கட்டத்தை ஒளித்துவைத்துள்ளார். எட்டெட்டு எழுத்தாக நான்கு அடி கொண்ட செய்யுள் ஒன்றை, வரிக்கு எட்டுக் கட்டமாக நான்கு வரிக் கட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். சதுரங்கக் குதிரை தாவும் முறைப்படி, எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதியாமல் எல்லாக் கட்டங்களிலும் தாவிப் படித்துக்கொண்டே சென்றால், அடுத்த செய்யுள் கிடைத்துவிடும்! பாட்டுக்குள் பாட்டு; பாட்டுக்குள் ஆட்டம். காசுமீரத்து உருத்திரடர் இத்தகைய சித்திரக் கவியை அவருக்கு முன்னரே காட்டியிருந்தார். ஐரோப்பாவில் கணிதர் ஆய்லர் குதிரையின் இந்தப் பயணத்தை 1759-இல் ஆராய்ந்தார். கட்டத்தை எழுத்தாகவும் எழுத்தைக் கட்டமாகவும் மாற்றும் கலையில் நம் முன்னோர் தேர்ந்தவர்களாயிருந்தனர். படித்துக்காட்டும் ஆள் இருந்த வரையில் அந்த இரகசியம் உயிரோடிருந்தது என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மூன்றாவது இரகசியம் குறும்பானது. ஆட்டம் தொடங்குமுன் பொறி டெலிபிரிண்டரில் ஒரு நாணயத்தைச் சுண்டுமாறு கேட்கும். பூவா தலையா என்று தானே ஒன்றைச் சொல்லும். ஜெயித்ததா தோற்றதா என்பதை ஆடுபவர் ஒரு ஸ்விட்சைத் தட்டித் தெரிவிப்பார். பின்னர்த் தம் நகர்வையும் ஸ்விட்சுகளாலேயே தெரிவிப்பார். விதி தவறினால் பொறி பணிவாகச் சுட்டிக்காட்டும். மீண்டும் தவறினால் சற்றுக் கடுமையாகச் சொல்லும். தவறிக்கொண்டே இருந்தால் அதன் சொற்கள் படிப்படியாகச் சூடேறும். முடிவில், இனித் தன் காலத்தை வீணாக்கப் போவதில்லை என்றும், போய் மனிதர் எவரோடாவது ஆடிக்கொள்ளுமாறும் அச்சடித்துவிட்டு ஆட மறுத்துவிடும்! இந்தச் சினத்தைப் பொறிக்குத் தந்தவர் யார்? நாள்தோறும் வகுப்பில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மாணவரோடு மன்றாடிய ஆசிரியர் அல்லவா? அந்த அச்செழுத்துகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் குரல் கேட்கிறது.

நான்காவது, அந்தப் பொறியின் குறைபாடு. மூன்று நான்கு நகர்வுகள் வரை முன்னோக்கிப் பார்த்து, எந்நகர்வு நல்லதென்று அது மதிப்பிடும். சாதாரணக் காயைவிட அரசனுக்கு மதிப்பு அதிகம். எதிரியின் காய் ஒன்று அரசனாக நெருங்கினால், அந்த ஆபத்தைத் தள்ளிப்போடுவதற்காக அது தன் காய்களை ஒவ்வொன்றாக வெட்டுக்குக் கொடுக்கத் தொடங்கும்! நாளைய கடனை மறைக்க இன்று நகையை அடகு வைப்பவனைப் போல, பார்வை எட்டாத தொலைவுக்கு அத்துன்பத்தைத் தள்ளினால் அது இல்லாமற் போயிற்று என்று எண்ணிக்கொள்ளும். பொறி மூடத்தனமானது என்று நாம் சிரிக்கலாம். ஆனால் நான்கு அடிக்கு அப்பால் பாராத எவரும் இவ்வாறே நடப்பர் என்பதையும் எண்ண வேண்டும்.

ஸ்ட்ரேச்சி தம் முயற்சியை 1952 செப்டம்பரில் கனடாவின் டொராண்டோ நகரில் நடந்த கணிப்பொறியாளர் மாநாட்டில் எடுத்துரைத்தார். அமெரிக்காவின் ஆர்தர் சாமுவேல் அதே ஆட்டத்தை ஐ.பி.எம். பொறிக்குக் கற்பித்து, தன் அனுபவத்தால் தானே திருந்தும் ஆற்றலையும் அதற்கு ஊட்டினார். 1956-இல் அது தொலைக்காட்சியில் ஆடிக்காட்டியது. பொறி கற்றல் என்று இன்று உலகம் முழுதும் பேசப்படும் சொற்றொடர் சாமுவேலின் 1959-ஆம் ஆண்டுக் கட்டுரையால் பரவியது. அரை நூற்றாண்டு கழித்து, 2007-இல், கனடாவின் ஜோனதன் ஷேஃபர் குழுவினர், இருவரும் பிழையின்றி ஆடினால் டிராஃப்ட்ஸ் சமனிலேயே முடியும் என்று கணிப்பொறி கொண்டு நிறுவினர். நம் நாட்டிலும் முதல் கணிப்பொறி 1955-ஐ ஒட்டிக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அமைத்த 'டிஃப்ராக்' 1960-இல் முறையாக இயங்கத் தொடங்கியது.

ஆனால் மான்செஸ்டரில் ஓடிய முதல் ஆட்டத்தின் கதி என்ன? பொறி சில ஆண்டுகளில் பழையதாகிக் கழிக்கப்பட்டது. ஒளிப்புள்ளிக் கட்டம் மின்சாரத்தை நிறுத்திய கணமே மறைந்தது. ஸ்ட்ரேச்சி பின்னர் ஆக்ஸ்போர்டில் கணிப்பொறி மொழிகளின் பேராசானாகிப் புகழ்பெற்று, 1975-இல் காலமானார். அவர் ஒரு நல்ல பழக்கம் உடையவர்: தாள்களை எறியமாட்டார். கட்டளை எழுதிய குறிப்புகள், திருத்தங்கள், அச்சடித்த பட்டியல்கள் யாவும் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்துக்குச் சென்றன. டேவிட் லிங்க் என்னும் ஆராய்ச்சியாளர் நம் காலத்தில் அந்தத் தாள்களைப் புரட்டினார். சாய்கோட்டுச் சாரலுக்குள் பொறுமையோடு புகுந்து, பழைய பொறியைப் போலவே நடக்கும் ஒரு புதிய அமைப்பில் அந்த ஆட்டத்தை மீண்டும் ஓடவிட்டார். அறுபது ஆண்டுக்கு முன் எழுதிய சினமொழிகள் மீண்டும் அச்சாயின.

வானொலிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1951-இல் பி.பி.சி. வானொலிக் குழு மான்செஸ்டருக்குச் சென்று அப்பொறி இசைத்த மூன்று பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தது. மூன்றாம் பாடலின் நடுவே பொறி தடுமாறி நின்றுவிட, அங்கிருந்தோர் சிரித்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. 2016-இல் நியூசிலாந்தில் ஜாக் கோப்லண்டும் ஜேசன் லாங்கும் அதனை ஆராய்ந்தபோது, அந்தப் பொறியால் எழுப்பவே இயலாத சுரங்கள் அதில் கேட்டன. இசைத்தட்டில் பதித்த வேகம் பிழையானது என்று அதனால் கண்டுபிடித்து, வேகத்தைத் திருத்தி, பொறியின் உண்மைக் குரலை மீட்டனர். பிழை எங்கே என்று பொறியின் இயல்பே காட்டிக்கொடுத்தது!

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது ஒன்று. மறைந்திருக்கும் இரகசியம் தானாக வெளிவருவதில்லை. யாரோ ஒருவர் தாளை வைத்திருந்தார். யாரோ ஒருவர் இசைத்தட்டைக் காத்தார். யாரோ ஒருவர் செய்யுளைக் குதிரைத் தாவலாகப் படிக்கத் தம் மாணாக்கனுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த ஒருவர் இல்லாவிடில், ஒளிக்கட்டமும் கரிக்கோடும் ஒன்றே, இரண்டும் அழியும்.

மட்டாஞ்சேரியை விட்டுப் புறப்படுமுன் மறுநாள் மீண்டும் அந்தத் திண்ணைக்குச் சென்றோம். முதல்நாள் வரைந்த கோடு வண்டிச் சக்கரத்தாலும் காலடியாலும் கலைந்து போயிருந்தது. பேரன் வந்தான். ஸ்ட்ரேச்சியின் கதையைச் சுருக்கமாகச் சொன்னோம். பொறி கோபித்துக்கொண்டு, மனிதரோடு போய் ஆடு என்று விரட்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஒரு கரித்துண்டை எடுத்து, "தாத்தா, நீங்க சொல்லுங்க, நான் போடுறேன்" என்றான். தாத்தா சொன்னார், அவன் வரைந்தான். கோடுகள் கொஞ்சம் கோணின. புள்ளிகள் மட்டும் இருபத்து மூன்றும் சரியாகவே இருந்தன.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் வாழும் நம் நேயர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் சிறியது. உங்கள் வீட்டில் எஞ்சியிருக்கும் ஓர் ஆட்டத்தின் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எத்தனை கல், எந்தப் புள்ளியிலிருந்து தொடக்கம், உங்கள் ஊரில் மட்டும் வழங்கிய விதி எது, அதை உங்களுக்குச் சொல்லித் தந்தவர் யார் என்று எழுதுங்கள். எழுதியதைப் பேரக்குழந்தையின் கையில் கொடுத்து, கட்டத்தை அக்குழந்தையையே வரையச் சொல்லுங்கள்.